ரிவர் காட்டேஜ் மாதிரி ஒரு தொடரைச் சேலத்தில் எடுத்தால் கேமரா யார் பின்னால் போக வேண்டும்?

கோரிமேட்டான்:

ஹியூ ஃபெர்ன்லி-விட்டிங்ஸ்டால் என்று ஒருவர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். லண்டனை விட்டு டார்செட்டில் ஒரு பழைய வேட்டைக்காவலர் வீட்டுக்குக் குடிபோய், தோட்டம் போட்டு, பன்றி, கோழி, ஆடு வளர்த்து, வேலியோரத்திலும் கடற்கரையிலும் சும்மா கிடைப்பதைப் பறித்துச் சமைத்துச் சாப்பிட்டதைத்தான் இங்கிலாந்தின் சேனல் 4 தொடராகக் காட்டியது. 1999-இல் 'எஸ்கேப் டு ரிவர் காட்டேஜ்' என்று ஆரம்பித்து, 2000, 2002, 2004 என்று வேறு வேறு பெயர்களில் நீண்டது. இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்து முடித்தேன். சமையல் குறிப்புக்காகப் பார்க்க ஆரம்பித்தவன், அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிடித்தது அந்தப் பன்றி விஷயம். குட்டியாக வாங்கிவந்து, தீனி போட்டு, காதைச் சொறிந்துவிட்டு, வளர்ந்ததும் அவரே அறுப்புக் கூடத்துக்கு ஓட்டிப்போகிறார். அதை மறைக்கவில்லை. அப்புறம் அந்த இறைச்சியை உப்புப் போட்டு, காற்றில் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து சாப்பிடுகிறார். நம் ஊர் கிராமத்துச் சமையல் காணொளிகளில் அந்தக் காத்திருப்பே கிடையாது. ஆடு ஏற்கெனவே வெட்டிக் கழுவி வாழை இலையில் இருக்கும், அண்டா ஏறும், வெங்காயம் விழும், பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவார்கள். ஆடு எங்கே மேய்ந்தது, வெங்காயத்தை யார் நட்டார்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது.

சேலத்தில் இதை எடுக்க எல்லாமே இருக்கிறது. கீழே மானாவாரிக் காடு, மேட்டூர்த் தண்ணீர் பாயும் வயல், முப்பது கிலோமீட்டர் ஏறினால் ஏற்காட்டில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் காபியும் மிளகும். மாம்பழம், குச்சிக்கிழங்கு, தேன் எல்லாம் ஒரே மாவட்டத்தில். யாராவது நம் ஊரில் இப்படி ஒரு வருடம் முழுக்க எடுத்தால் எப்படி இருக்கும்? யாரை வைத்து எடுப்பீர்கள்?

பால்மார்க்கெட்_பாலா:

அண்ணா, அவர் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் படித்தவர், ஆக்ஸ்ஃபோர்டு போனவர், லண்டனில் பெயர்பெற்ற ரிவர் கஃபே உணவகத்தில் வேலை பார்த்தவர். அலுத்துப்போய் கிராமத்துக்குப் போனார். என் அப்பா ஓமலூர்ப் பக்கம் இருந்த காட்டை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தது எங்களைப் படிக்கவைக்க. நாம் எங்கிருந்து தப்பி வந்தோமோ அங்கே அவர் தப்பிப் போகிறார். இதைப் பார்த்து நான் ஏன் ஏங்க வேண்டும் என்று புரியவில்லை. பொழுதுபோக்குக்குச் சரி.

தறிக்கார_தம்பி:

கிராமத்துச் சமையல் காணொளிகளை ஒரேயடியாகத் தட்டிவிடாதீர்கள். புதுக்கோட்டை சின்னவீரமங்கலத்துக் குடும்பம் ஒன்று 2018-இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' ஆரம்பித்து, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டவர்கள் அவர்கள்தான். தாத்தாவும் பேரன்களும். வேறு வேலை கிடைக்காத மாதங்களில் சொந்தக் காட்டில் நின்று சம்பாதித்தார்கள். சமைத்ததை முதியோர் இல்லங்களுக்குக் கொடுப்பதையும் காட்டுகிறார்கள். கோரிமேட்டான் அண்ணன் சொல்லும் வெங்காயம் நட்ட கதையையும் அவர்களே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? அதற்குத் தூர்தர்ஷனில் வயலும் வாழ்வும் என்ற விவசாய நிகழ்ச்சி இருந்தது. வந்த நேரத்தில் எத்தனை வீட்டில் டிவியை நிறுத்தினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

கோரிமேட்டான்:

அதுதான் தம்பி கேள்வியே. வயலும் வாழ்வும் பாடமாகிவிட்டது, சமையல் காணொளி விருந்தாகிவிட்டது. நடுவில் ஒன்று வேண்டும் என்கிறேன்.

பிரிட்போர்ட்_பேட்டைக்காரி:

செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், இப்போது டார்செட்டில் பிரிட்போர்ட் பக்கம் இருக்கிறேன். அந்த முதல் வீடு இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அதனால் இரண்டு வார்த்தை.

ரிவர் காட்டேஜுக்கு முன்பே, 1995 வாக்கில், 'எ குக் ஆன் தி வைல்ட் சைட்' என்று ஒரு தொடரில் அவர் வண்டியில் சுற்றி, வழியில் கிடைப்பதைச் சமைத்தார். பறித்துச் சாப்பிடும் விஷயம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பிறகு டெவன் எல்லையில் ஆக்ஸ்மின்ஸ்டர் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்கு மாறி, அங்கே சமையல் வகுப்பு, காளான் வகுப்பு, ரொட்டி வகுப்பு எல்லாம் நடத்துகிறார்கள். காசு கட்டிப் போக வேண்டும். முதல் தொடரில் சின்ன வீட்டில் தனியாகத் தோட்டம் போட்ட ஆள் வேறு, இப்போதைய நிறுவனம் வேறு.

இங்கே வேலியோரத்தில் பறிப்பது எல்லாருக்கும் பழக்கம். ஏப்ரலில் மரத்தடியெல்லாம் காட்டுப்பூண்டு இலை, நடந்து போனாலே வாசம் வரும். ஜூனில் எல்டர் பூவில் சர்பத் போடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் பிளாக்பெர்ரி. குழந்தைகள் வாயெல்லாம் ஊதாவாக வீட்டுக்கு வரும், நாம் நாவல்பழம் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினோமே அப்படி. செந்தட்டி மாதிரி சுணை உள்ள நெட்டில் செடியைக் கையுறை போட்டுப் பறித்து, வேகவைத்துச் சூப் போடுகிறார்கள். வெந்தால் சுணை போய்விடும்.

இது நடப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். இங்கே 1968-இன் திருட்டுச் சட்டத்திலேயே, தானாக வளர்ந்த காளானையோ பழத்தையோ பூவையோ இலையையோ விற்பதற்காக இல்லாமல் பறித்தால் அது திருட்டாகாது என்று இருக்கிறது. ஆனால் வேரோடு பிடுங்க முடியாது, அதற்கு நிலத்துக்காரர் அனுமதி வேண்டும் என்று 1981-இன் சட்டம் சொல்கிறது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அந்த ஆள் ஏன் அவ்வளவு சாவகாசமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார் என்று புரியும். ஏற்காட்டில் போய் அதே கூடையோடு வனத்துக்குள் நுழைந்து பாருங்கள்.

பால்மார்க்கெட்_பாலா:

நுழைந்தால் கூடையையும் வாங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்கள்.

வாழப்பாடி_கமலா:

எல்லாரும் பறிப்பது என்றால் மலைக்கும் வனத்துக்கும் ஓடுகிறீர்கள். நம் ஊரில் அது நடக்கிற இடம் கடலைக் காடு. நடத்துகிறவர்கள் களை எடுக்கப் போகிற பெண்கள்.

ஆடிப்பட்டத்தில் கடலை விதைத்து, மழை இரண்டு விழுந்து, ஆவணியில் களை எடுக்க ஆள் விடுவார்கள். வரிசையாகக் குந்தி உட்கார்ந்து களைக்கொத்தால் கொத்திக்கொண்டே முன்னால் நகர்வோம். நிலத்துக்காரருக்கு எது களையோ அதில் பாதி எங்களுக்குக் குழம்பு. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டி, சாரணை, பருப்புக்கீரை, முள்ளுக்கீரை எல்லாம் கலந்துகட்டி வளர்ந்திருக்கும். கொத்தும்போதே கண் பார்த்துவிடும். கோரையையும் அருகையும் வரப்பில் வீசுவோம். கீரையை மட்டும் நுனி கிள்ளி மடியில் போட்டுக்கொள்வோம். பண்ணைக்கீரையில் பூக்கதிர் எட்டிப் பார்க்கும் முன்பே கிள்ள வேண்டும், கதிர் வந்துவிட்டால் தண்டு நார் ஏறி மத்துக்கு மசியாது. தொய்யக்கீரை சிவப்பும் பச்சையுமாகப் படரும், தொட்டால் மெத்தென்று இருக்கும். இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பக்கத்து வரிசையில் இருக்கிற அத்தை "அதை விட்டுடு கண்ணு, அது கசக்கும்" என்று சொல்வாள், அவ்வளவுதான் படிப்பு.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தால் உடம்பு வலி உயிர் போகும். அப்போது சமைக்கத் தெம்பு இருக்காது. அதனால்தான் கடைசல். கீரையை நாலு தண்ணீரில் அலச வேண்டும், மண் அவ்வளவு இருக்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, ஒரு தக்காளி எல்லாம் ஒன்றாகப் போட்டு மண்சட்டியில் வேகவிட்டு, தண்ணீரைத் தனியாக இறுத்து வைத்துக்கொண்டு, உப்புப் போட்டு மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும், அது வேறு பண்டம். சட்டியின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், அதில்தான் தழை நசுங்கும். கெட்டியாகிவிட்டால் இறுத்த தண்ணீரை விட்டுக்கொள்ளலாம். கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டினால் போதும்.

அடுத்த அடுப்பில் களி. நொய்யரிசி வெந்ததும் ராகி மாவை நடுவில் கோபுரமாகக் கொட்டி, துடுப்பால் ஒரு குழி போட்டு மூடிவிட வேண்டும். அவசரப்பட்டுக் கிண்டினால் உள்ளே மாவு கட்டியாக நிற்கும். மாவுக்குள்ளே ஆவி ஏறி வாசம் மாறும் வரை விட்டு, அப்புறம் சட்டியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்டுகிற கிண்டு இருக்கிறதே, அது தோளுக்குத் தெரியும்.

இதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் எடுக்க வருகிறவர்கள் களை எடுப்பதை ஒரு நிமிடம் காட்டிவிட்டுக் கடைசலைப் பத்து நிமிடம் காட்டுவார்கள். எங்கள் பக்கத்து ஊருக்கு ஒரு குழு வந்தது. பெண்களுக்குப் புதுச் சேலை கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். புதுச் சேலை கட்டிக்கொண்டு யார் களை எடுப்பார்கள்?

தறிக்கார_தம்பி:

கமலா அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன். "வடகம் தாளிக்கும்போது ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடச் சொல்லு" என்கிறார்.

தலைவாசல்_மக்காச்சோளம்:

கமலா அக்கா சொன்னது எல்லாம் உண்மை, ஆனால் அது எந்த வருடத்து உண்மை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கடலை குறைந்து மக்காச்சோளம் ஏறிவிட்டது. மக்காச்சோளத்துக்கு விதைத்ததும் அட்ரசின் என்ற களைக்கொல்லி அடித்துவிடுவோம். கடலை போடுகிறவர்களும் விதைத்த மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின், அதையும் மீறி முளைத்தால் இருபது நாள் கழித்து இமாசெதாபைர். களை முளைத்தால்தானே கீரை? அகன்ற இலைக் களை என்று டப்பாவில் எழுதியிருப்பதில் உங்கள் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் அடக்கம்.

மருந்து அடிப்பதில் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. களைக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இன்றைக்குச் சொன்னால் அடுத்த வாரம் வருகிறார்கள், அதற்குள் களை பயிரை மூடிவிடும். துணிக்கடை, ஜவ்வரிசி ஆலை, நூறு நாள் வேலை என்று போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வெயிலில் குந்தி நகர்வதைவிட எதுவும் மேல்தான். ஆனால் டவுனில் உட்கார்ந்துகொண்டு "கீரை அழிகிறதே" என்று அழுகிறவர்கள் ஒரு நாள் வந்து ஒரு சால் களை எடுத்துவிட்டுப் பேசட்டும்.

இன்னொன்று. மருந்து அடித்த காட்டில் தப்பி முளைத்த கீரையைப் பறிக்காதீர்கள். இப்போது காணொளி பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து வரப்பில் இறங்கிப் பறிக்கிறார்கள். யார் காடு, என்ன அடித்திருக்கிறது என்று கேட்பதே இல்லை.

வாழப்பாடி_கமலா:

தம்பி, ஆள் கிடைக்கவில்லை என்பது சரி. பெண்ணுக்கு ஒரு கூலி, ஆணுக்கு ஒரு கூலி என்று வைத்திருக்கும் வரை கிடைக்க மாட்டார்கள். மருந்து அடிக்க வருகிற ஆணுக்கு அரை நாளுக்கே நீங்கள் தருவது என்ன என்று இங்கே எழுதுங்களேன்.

தலைவாசல்_மக்காச்சோளம்:

எழுதினால் நீங்கள் சொல்வதுதான் ஜெயிக்கும். விடுங்கள் அக்கா.

நாகலூர்_மிளகு:

மலை மேலே இருந்து எழுதுகிறேன். ஏற்காட்டை வைத்துத் தொடர் எடுக்கலாம் என்று ஆரம்பத்தில் போட்டிருந்தது. தயவுசெய்து வேண்டாம் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் ஏன் என்று சொல்கிறேன்.

முடவாட்டுக்கால் கிழங்கு எல்லாருக்கும் தெரியும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணிச் செடி, பழுப்பு முடி மூடிய தண்டு, பார்த்தால் ஆட்டுக்கால்தான். முடியைச் சுரண்டி எடுத்து, நசுக்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுச் சூப் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். மூட்டுவலி போகும் என்கிறார்கள், அதற்கு நான் சான்றிதழ் தர மாட்டேன். முன்பு வீட்டுக்கு வேண்டியதை ஒரு துண்டு ஒடித்து வருவார்கள், மிச்சம் பாறையிலேயே இருக்கும், திரும்பத் தழைக்கும். சூப் காணொளிகள் பரவிய பிறகு சாக்கில் வருகிறது. ஒடிப்பதில்லை, உரித்து எடுக்கிறார்கள். மெதுவாக வளர்கிற செடி. கைக்கு எட்டும் பாறைகளெல்லாம் மொட்டையாகி, பையன்கள் இப்போது வழுக்குப் பாறையில் ஏறுகிறார்கள்.

கவலைக்கிழங்கு தோண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கொடி காய்கிற காலத்தில், காய்ந்த கொடியைப் பிடித்துக்கொண்டே இடம் கண்டுபிடித்து, கடப்பாறையால் இடுப்பளவு குழி தோண்ட வேண்டும், அதுவும் சரிவில். கிழங்கை எடுத்த பிறகு கொடி ஒட்டிய தலைப்பகுதியை அதே குழியில் வைத்து மண் தள்ளி மூடுவார் எங்கள் பெரியப்பா. அடுத்த மழைக்கு அது கொடி விடும். இந்தக் கடைசி வேலை எந்தக் காணொளியிலும் வராது, ஏனென்றால் அதற்குள் கேமரா கிழங்கோடு அடுப்புக்குப் போயிருக்கும்.

சட்டம் பற்றிப் பேட்டைக்காரி அக்கா எழுதியதைப் படித்தேன். இங்கேயும் சட்டம் இருக்கிறது. 2006-இன் வன உரிமைச் சட்டம், காலம்காலமாகச் சேகரித்துவந்த சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் வனத்தில் வாழும் பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. தேன், கிழங்கு, மூங்கில் எல்லாம் அதில் வரும். சேலத்திலிருந்து பைக்கில் வருகிறவருக்கு அந்த உரிமை கிடையாது. முயல், காட்டுப்பன்றி, உடும்பு என்று யாராவது ஆசை காட்டினால், 1972-இன் வனவிலங்குச் சட்டம் வேட்டையாட இங்கே யாருக்கும் விலக்கு தராது, எங்களையும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஹியூ மாதிரி ஆள் இங்கே வந்தால் எங்கே தங்குவார்? எஸ்டேட் பங்களாவில். காபி இந்த மலைக்கு 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது. அதற்கு முன்பிருந்தே சாமையும் ராகியும் விதைத்தவர்கள் மலையாளிப் பழங்குடியினரான நாங்கள். மலையாளி என்றால் கேரளாவா என்று கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தொடரில் எங்கள் ஆள் ஒருவர் தலையில் பலாப்பழம் தூக்கிக்கொண்டு சிரித்தபடி குறுக்கே நடந்து போவார், அந்தக் காட்சி இப்போதே என் கண்ணில் தெரிகிறது.

கோரிமேட்டான்:

நீங்கள் எழுதிய கிழங்குத் தலையைத் திரும்ப வைப்பது போன்ற காட்சிக்காகத்தான் நான் தொடரே கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேறு யாராவது வந்து அது இல்லாமல் எடுப்பார்கள்.

நாகலூர்_மிளகு:

எடுக்கட்டும். நான் இடம் காட்ட மாட்டேன்.

மருந்துக்கடை_மீனா:

இழை முழுக்கப் படித்தேன். பறித்துச் சாப்பிடும் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் இது.

மழை விட்டதும் புற்றுக்காளான் தேடிப் போகிறவர்கள் பாரம்பரியமாக அறிந்தவர்களோடு போங்கள். வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், பூண்டு நிறம் மாறும், மஞ்சள் தடவினால் தெரியும் என்பதெல்லாம் நம்பி உயிரை வைக்கிற சோதனை இல்லை. விஷக்காளானிலும் பூண்டு வெள்ளையாகவே இருக்கும். கல்லீரலைத் தாக்கும் வகையில் விஷம் வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு நாள் சரியானது போலத் தோன்றும். அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

கிழங்கும் அப்படித்தான். செங்காந்தள் நம் மாநிலப் பூ, வேலியெல்லாம் அழகாக ஏறும். அதன் கிழங்கில் கால்ச்சிசின் இருக்கிறது, கொஞ்சம் தின்றாலே உயிருக்கு ஆபத்து. பூ இல்லாத காலத்தில் தோண்டினால் வள்ளிக்கிழங்கு ஏதோ என்று நினைத்துவிடலாம். ஹியூவின் தொடர்களில் காளான் என்றால் ஜான் ரைட் என்ற அனுபவசாலி கூடவே வருவார், அதைக் கவனித்தீர்களா? அவருக்கே ஆள் துணை வேண்டியிருக்கிறது.

ராசிபுரம்_பண்ணை:

யாரும் கோழியைத் தொடவில்லையே. 2008 ஜனவரியில் ஹியூ 'சிக்கன் ரன்' என்று ஒரு தொடர் செய்தார். சூப்பர்மார்க்கெட்டின் மலிவுக் கோழி எப்படி வளர்கிறது என்று காட்ட எந்தப் பண்ணையும் கதவைத் திறக்காததால், தானே ஒரு கொட்டகை போட்டு நெருக்கமாகக் குஞ்சு விட்டு வளர்த்தார். ஆறு வாரத்துக்குள் அறுப்புக்குப் போகும் கோழி. நொண்டிக் குஞ்சுகளைத் தானே கழுத்தைத் திருகிக் கொல்ல வேண்டி வந்தபோது அழுதுவிட்டார்.

நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டம்தான், அதனால் உரிமையோடு எழுதுகிறேன். நான் ஒப்பந்தப் பண்ணை வைத்திருக்கிறேன். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனி கொடுக்கும். கொட்டகை, தரைக்குப் போடும் தேங்காய் நார்த்தூள், கரண்ட், தண்ணீர், இரவு விழிப்பு எல்லாம் நம்முடையது. எடை பார்த்து வளர்ப்புக் கூலி. கோழி கடையில் என்ன விலைக்குப் போனாலும் எனக்கு அதில் பங்கு இல்லை. கோடையில் ஒரு மதியம் கரண்ட் போய் மின்விசிறி நின்றால் கோழி வாயைத் திறந்து இளைக்க ஆரம்பிக்கும். சாக்கை நனைத்துக் கட்டி, கூரையில் தண்ணீர் விட்டு ஓட வேண்டும். அதைப் படம் எடுத்தால் ஹியூ அழுத இடத்தில் நான் ஓடிக்கொண்டிருப்பேன். நாட்டுக்கோழி வளர்த்து இயற்கையாக வாழுங்கள் என்று இங்கே தொடர் எடுக்க வருகிறவனும் சொல்லாமல் இருந்தால் சரி.

பிரிட்போர்ட்_பேட்டைக்காரி:

அந்தத் தொடர் வந்த பிறகு இங்கே வெளியில் மேயும் கோழி கேட்டு வாங்குகிறவர்கள் அதிகமானார்கள். மலிவுக் கோழியும் போய்விடவில்லை. அவர் ஜெயித்தது என்றால் மீன் விஷயத்தில். 2011-இல் 'ஃபிஷ் ஃபைட்' தொடரில், இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற கட்டுப்பாட்டுக்காக, பிடித்த மீனையே செத்த பிறகு கடலில் கொட்டுவதைக் காட்டினார். லட்சக்கணக்கில் கையெழுத்து சேர்ந்தது, 2013-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்த வழக்கத்தை நிறுத்தும் பக்கம் ஓட்டுப் போட்டது. சமையல்காரர் ஒருவர் கேமராவைச் சரியான இடத்தில் வைத்ததால் நடந்தது.

அம்மாபேட்டை_அத்தை:

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். ஈசலை மறந்துவிட்டீர்களே. முதல் மழை விட்ட இரவில் புற்றுக்குப் பக்கத்தில் குழி எடுத்து, ஓரத்தில் விளக்கு வைத்தால் வந்து விழும். அள்ளி வெயிலில் காயவைத்து, முறத்தில் புடைத்தால் றெக்கை எல்லாம் பறந்துவிடும். அப்புறம் வெறும் வாணலியில் வறுத்து, அரிசிப் பொரியும் பொட்டுக்கடலையும் உப்புக் காரமும் கலந்தால் மழைநாள் முழுக்கக் கொறிக்கலாம். என் பேத்தி ஐயே என்கிறாள். பாக்கெட்டில் போட்டு விற்றால் தின்பாள்.

கோரிமேட்டான்:

ஆரம்பித்தபோது என் மனதில் இருந்தது, வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டில் வீடு எடுத்துத் தங்கும் ஒரு இளைஞன், நாய்க்குட்டி ஒன்று, காபிப் பூ பூத்த காலையில் முதல் காட்சி. மார்ச், ஏப்ரலில் பூ மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகும், அதைப் பார்த்தவர்களுக்கு ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியும். இப்போது அது சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இப்போது கேட்டால், ஒரே கடலைக் காடு, விதைப்பிலிருந்து அறுவடை வரை. களை எடுக்கும் பெண்களின் வரிசைக்குப் பின்னால் கேமரா. அவர்கள் மடியில் என்ன விழுகிறது, எது வரப்புக்குப் போகிறது என்று. பக்கத்துக் காட்டில் மருந்து அடித்த சாலில் எதுவும் முளைக்காமல் இருப்பதையும் அதே நாளில் காட்ட வேண்டும். சாயங்காலம் கூலிக் கணக்கு முடியும் வரை கேமராவை நிறுத்தக் கூடாது. சமையல் அதற்கு அப்புறம்தான், அதுவும் இருட்டிய பிறகு, நிஜமாக அவர்கள் சமைக்கிற நேரத்தில். பார்க்க அழகாக இருக்காது, விளக்கு வெளிச்சத்தில் கீரை கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் ஹியூவின் பன்றியை நான் மறக்காததற்குக் காரணம் அந்தத் தொங்கவிட்ட மாதங்கள். இங்கே அந்த மாதங்கள் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. மலையை விட்டுவிடலாம். நாகலூர்க்காரர்களே கேமரா வாங்கி எடுத்தால் பார்ப்போம்.

பால்மார்க்கெட்_பாலா:

இதை யார் பார்ப்பார்கள் அண்ணா? கூலிக் கணக்கு வரை காட்டினால் என் அப்பா பார்ப்பார். பார்த்துவிட்டு, காட்டை ஏன் விற்றேன் என்று இன்னொரு முறை ஆரம்பிப்பார். சரி, நானும் பார்ப்பேன்.

தலைவாசல்_மக்காச்சோளம்:

பேச்சு வேண்டாம். கிணற்றுமேட்டுப் பக்கம் கொஞ்ச இடம் இருக்கிறது, மக்காச்சோளத்துக்கு எட்டியே இருக்கிறது. ஆடியில் அதில் கடலை போட்டு மருந்து அடிக்காமல் விடுகிறேன். கீரை வருமா என்று பார்க்கலாம், மண்ணில் விதை மிச்சம் இருந்தால் வரும். கேமரா உங்கள் பொறுப்பு. களைக்கு ஆள் கமலா அக்கா பிடித்துத் தர வேண்டும்.

வாழப்பாடி_கமலா:

ஆள் வரும். ஆணுக்குத் தருகிற கூலியைத் தர வேண்டும், படம் பிடிக்கிற நாளுக்குத் தனியாகத் தர வேண்டும். இரண்டையும் முன்னாடியே எழுதிக் கொடுங்கள். சேலை வேண்டாம், எங்களிடம் இருக்கிறது.

தலைவாசல்_மக்காச்சோளம்:

முதலாவது நான் தருகிறேன். இரண்டாவதை கோரிமேட்டானிடம் கேளுங்கள்.